தெளிந்த நீரும் தூய நீரும்

கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீனைக் கண்டு மகிழாதார் இலர். அம்மீனுக்கு உணவிட வேண்டுமென்பதை அறிந்தார் பலராயினும், அது வாழும் நீரின் இயல்பை ஆராய்ந்தறிந்தார் சிலரே. நீர் தெளிந்திருப்பின் அது தூயதென்றே பலரும் கருதுகின்றனர். யாமும் அங்ஙனமே கருதிப் பிழை செய்தோம்.

சென்ற ஆண்டு எம் விடுதிக் கூடத்தில் தொட்டியொன்றமைத்து, ஆறு பொன்மீன்களை வளர்த்து வந்தோம். நான்கு திங்கள் அவை குறைவின்றி வாழ்ந்தன. விடுதி விழாவிற்கு முன்னாள், விருந்தினர் காண அழகாயிருத்தல் வேண்டுமென்று, நீர் முழுவதையும் இறைத்து, மணலையும் வடிகட்டும் பஞ்சையும் குழாய்நீரிற் பன்முறை அலசி, புதுநீர் நிரப்பினோம். தொட்டி பளிங்குபோல் விளங்கிற்று. அன்றிரவே மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய்திறந்து திணறின. ஒரு கிழமைக்குள் ஐந்து மடிந்தன, எஞ்சியது ஒன்றே. இரசாயனம் பயிலும் நண்பரொருவரை வினவிய பின்னரே எம் பிழை எமக்குப் புலனாயிற்று.

மீன்கள் தம் உடற்கழிவின் பெரும்பகுதியை அம்மோனியா என்னும் நச்சுப்பொருளாகச் செவுள்களின் வழியே வெளிவிடுகின்றன. ஆற்றிலும் குளத்திலும் அது பெருநீரிற் கலந்து செறிவு குன்றும். தொட்டியிலோ தேங்கி நிற்கும். அதனை மாற்றுவன கண்ணுக்குத் தோன்றாத நுண்ணுயிர்களே. அவற்றுள் ஒரு வகையின அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகையின நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இவ்வினை புரியும் உயிர்களை 1890-ஆம் ஆண்டில் மண்ணினின்றும் பிரித்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர். இடைநிலையில் தோன்றும் நைட்ரைட்டும் கொடியதே. அது குருதியிற் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். குருதி பழுப்பு நிறமாகும். மீன் மூச்சின்றி மடியும். நைட்ரேட் அத்துணைக் கொடிதன்று. வாரந்தோறும் நான்கிலொரு பங்கு நீரை மாற்றிவரின் அது மிகாது.

இந்நுண்ணுயிர்கள் மணலிலும் பஞ்சிலுமே பற்றி வாழ்வன. யாம் அழுக்கென்று அலசி ஒழித்தது அவற்றையே. குழாய்நீரிலிருந்த குளோரினோ, எஞ்சிய நுண்ணுயிர்களைக் கொன்றதோடு, மீன்களின் செவுள்களையும் புண்படுத்திற்று. புதுத்தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும் என்ப.

இனி, நீரின் அமில காரத் தன்மைகளும் நோக்கற்பாலன. இவற்றை அளக்கும் பி.எச். அளவையில் 7 என்பது நடுநிலை. ஓரெண் மாறினும் பதின்மடங்கு வேறுபாடு உண்டாம். அம்மோனியா நீரில் இருவகையாய் நிற்கும். அவற்றுள் ஒன்றே மிகக் கொடியது. 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், பி.எச். 7 ஆயின் அக்கொடிய வகை ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு. 8 ஆயின் 20-இல் ஒரு பங்கு. ஆகவே, ஒரு தொட்டியில் மீன் பொறுக்கும் அளவே மற்றொரு தொட்டியில் அதனைக் கொல்லும். வெப்பம் மிகுந்தால் நஞ்சும் மிகும், பிராணவாயுவும் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே ஏற்கும். நம் நாட்டுக் கோடையில் இதனை மறத்தலாகாது.

1849-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் பொன்மீன்களை நீர்ப்பூண்டோடு ஒரு தொட்டியில் வளர்த்தார். இலைகள் அழுகி நீர் கெடலாயிற்று. அழுகலை உண்ணும் நத்தைகளை உள்ளே விடுத்து அவர் அக்கேட்டைத் தீர்த்தார். உயிரைக் கொண்டே நீரைத் தூய்தாக்கினார் அவர். உயிரை நீக்கித் தூய்தாக்க முயன்றோம் யாம்.

இப்போது பஞ்சினைத் தொட்டியினின்று எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிகின்றோம். குழாய்நீரைத் திறந்த கலத்தில் ஒருநாள் வைத்து, குளோரின் நீங்கிய பின்னரே, சிறிது சிறிதாகச் சேர்க்கின்றோம். எஞ்சிய மீன் இன்றும் நலமாயுளது. இரண்டு திங்கள் கழித்து விட்ட துணைமீன்கள் இரண்டும் அதனோடு வாழ்கின்றன. கண்ணாடியிற் சிறிது பாசி படர்ந்துளது. இதனைக் கழுவலாகாதோ என்று கேட்கும் விருந்தினர்க்கு, மூன்று மீன்களையும் காட்டி நிற்கின்றோம்.