முன்பல்லைப் பிடுங்கும் முன் ஐந்து கேள்விகள்



கடைவாய்ப்பல் போனால் வெளியே தெரியாது. முன்பல் போனால் முந்தானையால் வாயை மூடிக்கிட்டுப் பேசுறோம். வங்கிக்குப் போனாலும் "நீயே கேளு" என்று பக்கத்தில் இருப்பவரைத் தள்ளி விடுறோம். இது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. நம் பேச்சே அடங்கிப் போகிற பிரச்சினை.

போன பல்லுக்கு மாற்று மூன்று வகை உண்டு. ஒன்று, கழற்றி மாட்டும் பல்செட், செலவு குறைவு. இரண்டாவது, பக்கத்துப் பற்களைத் தேய்த்து அவற்றின் மேல் கட்டும் பிரிட்ஜ். மூன்றாவது, தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து அதன் மேல் பல் வைக்கும் இம்ப்ளான்ட். டைட்டானியத்தோடு எலும்பு இறுக ஒட்டிக்கொள்ளும். சுவீடன் நாட்டு மருத்துவர் பிரானேமார்க் 1965-இல் இம்முறையில் ஒரு நோயாளிக்குப் பல் பொருத்தத் தொடங்கினார்.

பிடுங்கிய அன்றே திருகைப் பதிப்பதுதான் உடனடி இம்ப்ளான்ட். பல் போன இடத்தில் எலும்பு கரைந்து ஈறு உள்வாங்கும். முன்பக்கம் எலும்பு மெல்லிசு. பள்ளம் சீக்கிரம் தெரியும். அன்றே பதித்து, இடைவெளியில் எலும்புத்தூள் நிரப்பினால் பள்ளம் குறையும். பல்லும் சொந்தப் பல் மாதிரியே இருக்கும்.

ஆனால் அன்று வைப்பது தற்காலிகப் பல்தாங்க. அதில் முறுக்கு, கரும்பு கடிக்கக் கூடாது. எலும்பு ஒட்டச் சுமார் 3 முதல் 6 மாதம் ஆகும். அதன் பிறகே நிரந்தரப் பல்.

சீழ், ஈறு நோய், கட்டுப்படாத சர்க்கரை, புகையிலைப் பழக்கம் இருந்தால் மருத்துவர் பொறுக்கச் சொல்லலாம். ஆறவிட்டுப் பதித்தாலும் பல் நன்றாகவே அமையும்.

மருத்துவரிடம் கேளுங்கள்:

1. வேர் சிகிச்சை செய்து இந்தப் பல்லையே காப்பாற்ற முடியுமா?
2. ஸ்கேனில் என் எலும்பு போதுமானதா?
3. அன்றே பதிப்பதா, ஆறவிட்டா? ஏன்?
4. திருகு முதல் நிரந்தரப் பல் வரை மொத்தச் செலவை எழுதித் தருவீர்களா?
5. திருகு ஒட்டாமல் போனால் என்ன செய்வீர்கள்?

சங்ககிரிப் பக்கம் உள்ளவர்களுக்கு எளையாம்பாளையம் விவேகானந்தா மகளிர் பல் மருத்துவக் கல்லூரியும், அரியானூர் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம்தான். இரண்டு இடத்தில் விசாரித்த பிறகு முடிவெடுப்போம்.

பல்லுக்காகக் கந்து வட்டிக்குப் போக வேண்டாம். செலவுச் சீட்டோடு குழுவில் உள்கடன் கேட்போம். கேட்கும் சகோதரியை "இந்த வயசுல அழகு எதுக்கு?" என்று யாரும் கேலி செய்யாமல் இருப்போம்.

கூட்டத்தில் பேச: மருத்துவக் கடனில் பல் சிகிச்சைக்கும் நம் குழு இடம் தந்திருக்கிறதா?