வயசுப் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது?



இந்த மாதப் பாடத்தைக் கூட்டத்தில் படிக்கும்போது சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். நம் வீட்டில் 10 வயதிலிருந்து 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றி எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் பாடம்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேசப் போனேன். மண்டை ஓடு போட்ட பழைய படம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "எய்ட்ஸ் வந்தா சாவுதான், ஒழுக்கமா இருக்கணும்" என்றேன். பிள்ளைகள் கப்சிப். நல்லா மனசுல பதிஞ்சிருச்சுன்னு எனக்கு ஒரே திருப்தி.

இரண்டு நாள் கழித்து ஒரு பாட்டி தேடி வந்தார். "ஏம்மா, எம் பேத்தி சின்ன வயசுல இருந்து மாத்திரை சாப்பிடுது. பெத்தவகிட்ட இருந்து வந்தது. நான் செத்துருவேனா ஆயா, நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேக்குது. ரெண்டு நாளா மாத்திரையத் தொடல. நீயே வந்து பதில் சொல்லு" என்றார். அந்தப் பிள்ளை என் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தது. அன்று சாயங்காலமே போனேன். "அக்கா சொன்னது தப்பும்மா" என்று வாய் திறக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. மறுநாளிலிருந்து மாத்திரை எடுத்துக்கொண்டாள். ஊர், பேர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். 2017ஆம் வருஷத்துச் சட்டப்படியும் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது; அதைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவும் கூடாது.

இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள். அப்போது மருந்து கிடையாது, அதனால் பயமுறுத்தினார்கள். 2004லிருந்து அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகத் தருகிறார்கள். அடியோடு குணமாகாதுதான். ஆனால் தினமும் தவறாமல் சாப்பிட்டால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம். இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. கர்ப்பிணி மருந்து எடுத்தால் குழந்தையையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? ஒரு பருப்பு டப்பாவின் மூடியில் கீறல் போட்டு, பேர் எழுதாமல் சீட்டுப் போடச் சொல்லுங்கள். நாங்கள் செய்தபோது வந்த சீட்டுகள்: "கொசு கடிச்சா வருமா?" வராது, கொசு உடம்பில் அந்தக் கிருமி பெருகாது. "ஒரே தட்டுல சாப்பிட்டா?" வராது. "திருவிழாவுல பச்சை குத்துனா?" ஒரே ஊசியை எல்லாருக்கும் போட்டால் ஆபத்து, எச்.ஐ.வி. மட்டுமல்ல, ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள் காமாலையும் வரலாம். ஒரு சீட்டில், "இதெல்லாம் அம்மாகிட்ட கேட்டா அடிப்பாங்க" என்று மட்டும் எழுதியிருந்தது. கூட்டத்தில் படித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

பரவும் வழியைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆணுறை இல்லாத உடலுறவு, கிருமி உள்ள இரத்தம், ஊசி, தாயிடமிருந்து கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்கு. ஆணுறை என்ற சொல்லைச் சொன்னால் பிள்ளை கெட்டுப்போகாது. சுவரில் எழுதியிருப்பதை அது ஏற்கெனவே படித்திருக்கும். ஆண்பிள்ளையை விட்டுவிடாதீர்கள். அவனுக்குச் சொல்ல அப்பா கூச்சப்பட்டால் நீங்களே சொல்லுங்கள்.

வயசுக்கு வரும் காலத்தில் நாற்றமில்லாமல் கொஞ்சம் வெள்ளைப்படுவது இயல்பு. ஆனால் நாற்றம், அரிப்பு, பிறப்புறுப்பில் புண், சீழ், தொடை இடுக்கில் நெறி கட்டுவது, ஒன்னுக்குப் போகையில் எரிச்சல் இருந்தால், "சூடு"ன்னு மோரும் வெந்தயமும் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். எல்லாமே பால்வினை நோய் என்று அர்த்தமில்லை, டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மேகப்புண், வெட்டை போன்றவை மருந்தில் குணமாகும். கவனிக்காமல் விட்டால் எச்.ஐ.வி. தொற்றுவதும் சுலபமாகிவிடும்.

இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இந்த நோய் இருப்பதாக டாக்டர் சொன்னால், பிள்ளையை அடிக்கக் கூடாது. யாரோ பெரியவர் தொந்தரவு செய்திருக்கலாம். "உன் மேல தப்பு இல்ல" என்பதுதான் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். 1098க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. வன்முறை நடந்து 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போனால் எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்து உண்டு. மானம் போகுமேன்னு ஒரு வாரம் யோசித்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

மற்ற சந்தேகங்களுக்கு 1097 இருக்கிறது. பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு டப்பா கொண்டு வாங்க. சீட்டுகளைச் சேர்ந்து படிப்போம். பதில் தெரியாத கேள்விகளைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வருகிறேன்.