உட்கார்ந்தே கடையலாம்

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று கேட்டால், பாலக்காட்டிலும் சரி, இடுக்கியிலும் சரி, பதில் தயாராக இருக்கும்: குடை கட்டட்டும், விதை வைத்த காகிதப் பேனா சுருட்டட்டும். இரண்டும் நல்ல வேலைதான். கேரளம் முழுக்கத் தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் பலர் அவற்றால் நாலு காசு பார்க்கிறார்கள். ஆனால் அதே ஆள் "எனக்கு மரம் கடைந்து பார்க்க ஆசை" என்று சொல்லட்டும், முதல் தடை வீட்டிலிருந்தே வரும். சொல்லப்படும் காரணங்களில் பாதி தவறு. மீதிப் பாதி, ஆபத்து இல்லாத இடத்தில் ஆபத்தைத் தேடுவது.

"நின்றால்தான் லேத் ஓட்ட முடியும்."

கோவைப் பட்டறைகளைப் பார்த்துப் பழகிய கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம்காரர்களுக்கு லேத் என்றாலே இரும்பு லேத். மரக் கடைசலின் கதை வேறு. நம் நாட்டில் அது பல இடங்களில் தரையில் உட்கார்ந்து செய்த தொழில். ஒரு கை வில்லை இழுத்து மரத்தைச் சுழற்றும். மறு கையும் கால்விரலும் உளியைப் பிடிக்கும். இல்லையென்றால் எதிரே ஓர் ஆள் கயிறு இழுப்பார். மோட்டார் வருமுன் கர்நாடகத்துச் சென்னபட்டணாப் பொம்மைகள் கைக்கடைசலில்தான் உருண்டு திரண்டன.

நிற்பவருக்கும் இருப்பவருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: சுழலும் அச்சு முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் சிக்கல் அங்கேதான் வருகிறது. அச்சை முழங்கை உயரத்துக்கு இறக்கினால் லேத்தின் அடிப்பகுதி முழங்காலில் இடிக்கும். மெல்லிய பலகை போட்ட மேசையில் சின்ன லேத்தை வைத்து, அதைத் தன் பக்கமாகச் சாய்த்துப் பூட்டுவது ஒரு வழி. வெளிநாட்டில் உட்கார்ந்து கடைவதற்கென்றே சாய்வான அடிப்பகுதியோடு லேத் செய்திருக்கிறார்கள். நாற்காலியை லேத்துக்கு இணையாகப் பக்கவாட்டில் நிறுத்துவது இன்னொரு வழி. ஓர் இழப்பையும் சொல்லிவிட வேண்டும். நின்று கடைபவர் இடுப்பை அசைத்து நீளமாக ஒரே வீச்சில் சீவுவார். உட்கார்ந்தவருக்குத் தோளும் கையும் மட்டுமே. அதனால் பெரிய உருளியை விட்டுவிட்டுப் பம்பரம், பேனா, சொப்பு, சின்னக் கிண்ணம் என்று தொடங்குவது நல்லது.

"இரண்டு கையிலும் பலம் வேண்டும்." பலம் மோட்டாரினுடையது. அரைக் குதிரைச் சக்தி, அதாவது சுமார் 370 வாட், சின்ன வேலைக்குப் போதும். மரம் உளியைக் கீழ்நோக்கி அழுத்தும் விசையை உளி சாய்ந்திருக்கும் இரும்புத் தாங்கி வாங்கிக்கொள்கிறது. தட்டையாக வைத்துச் சுரண்டும் கார்பைடு முனை உளியைப் பழகிய ஒரு கையால் கையாளலாம். கைப்பிடியை நீட்டி முன்கையோடு அணைத்துக்கொண்டால் பிடி நிற்கும். ஒரு கைக்காரரைத் திணறடிப்பது கடைசல் அல்ல, மரத்தைக் கவ்விச் சுழற்றும் சக்கில் அதை மாட்டுவது. ஒரு கை மரத்தைத் தாங்க வேண்டும், ஒரு கை சாவியைத் திருக வேண்டும். எதிர்முனையிலிருக்கும் டெயில் ஸ்டாக்கை நகர்த்தி, மரத்தைச் சக்கோடு நெருக்கி நிறுத்திவிட்டு, அச்சையும் பூட்டிவிட்டால் கை விடுபடும். பிறகு சாவியைத் திருகலாம். திருகிய சாவியை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், இது இரண்டு கை உள்ளவருக்கும்தான்.

"பயமாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளட்டும்." அக்கறையோடு சொல்லப்படும் இந்த யோசனைதான் எல்லாவற்றிலும் மோசம். சுழலும் மரம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். செயற்கைக் கைக்கு மேல் தோல் நிறத்தில் மாட்டும் ரப்பர் உறையும், தொங்கும் வாரும் இதே கணக்கு. தோளில் கிடக்கும் துண்டும், தளர்ந்த சேலைத் தலைப்பும் அப்படியே.

உண்மையான ஆபத்துகள் வீட்டார் கவலைப்படாத இடங்களில் இருக்கின்றன. ஆறு அங்குலக் கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மரத்துண்டு தெறித்தால் நிற்பவர் சட்டென்று விலகலாம். உட்கார்ந்தவரால் அது முடியாது. எனவே கண்ணாடி போதாது, முகம் முழுவதும் மறைக்கும் கவசம் வேண்டும். ஸ்விட்சை நீளமான ஒயரில் தள்ளி வைத்து, மரத்தின் நேர்க்கோட்டைவிட்டு விலகி இருந்தபடியே ஓட்டத் தொடங்க வேண்டும். இன்னொன்று, இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவர் சாணை பிடித்த சூட்டோடு உளியை மடியில் வைத்தால் சுடுவதும் தெரியாது, வெட்டுவதும் தெரியாது. வேலையில் மூழ்கினால் உடம்பைத் தூக்கி அமர மறந்துபோகும், படுக்கைப் புண் வரும். அரைமணிக்கு ஒருமுறையாவது லேத்தை நிறுத்தத்தான் வேண்டும். கட்டுக்குள் வராத வலிப்பு இருந்தால் மருத்துவர் சம்மதம் இல்லாமல் தொடவே கூடாது.

பார்வையற்றவர்? இங்கிலாந்தின் கிறிஸ் ஃபிஷர் 2008-ல் டாக்சோபிளாஸ்மோசிஸ் தொற்றால் பார்வையை இழந்தவர். யூடியூப் பாடங்களைக் காதால் கேட்டே கடைசல் கற்று, அதையே தொழிலாக்கிக்கொண்டார். உளி சரியாக வெட்டுகிறதா என்பதைப் பழகிய கடைசல்காரர் எவரும் சத்தத்தில்தான் முதலில் அறிவார்.

"தேக்கோ ஈட்டியோ இல்லாமல் என்ன கடைவது?" மறையூர்ச் சந்தனம் வனத்துறை ஏலத்தில் போவது. ஈட்டியில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை 2021-ல் வயநாட்டு முட்டில் மரம்வெட்டு வழக்கு காட்டியது. அதெல்லாம் எதற்கு? பிடுங்கிப்போட்ட காப்பிக் கட்டை இடுக்கியில் விறகாக எரிகிறது. இறுகிய மரம், மடியில் அடங்கும் பருமன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பலா இருக்கிறது. பெருவெம்பில் வாத்தியங்களுக்கு உடல் தருவதும் பலாதான். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், முதலில் கொஞ்சமாகக் கடைந்து பார்க்க வேண்டும். மூணாறு ஈரத்தில் கடைந்த கிண்ணத்தை மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குக் கொண்டுவந்தால் வெடிக்கலாம், அது நின்றுகொண்டு கடைபவரின் கிண்ணமாக இருந்தாலும்.

கடைசியாக, "இதில் மாசம் எவ்வளவு கிடைக்கும்?" ஆர்க்கிட் வளர்க்கும் வங்கி அதிகாரியிடமோ, ஓய்வுபெற்றபின் வயலின் கற்கும் வாத்தியாரிடமோ யாரும் இதைக் கேட்பதில்லை. சக்கர நாற்காலிக்காரர் பொழுதுபோக்கு என்று ஒன்றைத் தொட்டால் மட்டும் அது சுயதொழில் திட்டமாகிவிடுகிறது. விற்க விரும்புகிறவர் விற்கட்டும். மற்றவர் கடைந்த பம்பரம் கோணலாகச் சுற்றினால் அதைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு அடுத்த கட்டையை மாட்டலாம். யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.