எந்த அட்டையில் கோளாறு?

கோயமுத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதம் கிடைத்தது. போனில் ரெண்டு வார்த்தை பேசி முடிக்காமல் நாலு பக்கம் எழுதியிருந்தாயே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். கம்ப்யூட்டர் வகுப்பைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் படித்தேன். லேபில் ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர். போர்டில் இருக்கிற புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் எழுதுவது, அதையே டைப் அடிப்பது, அவுட்புட் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வருவது. பக்கத்துப் பெஞ்சுத் தோழி ஏஐ-யிடம் கேட்டு அரை நிமிஷத்தில் அதே புரோகிராமை வாங்கிவிடுகிறாள். "அப்புறம் நான் எதுக்கு சித்தி இதைப் படிக்கணும்?" என்று கேட்டிருந்தாய். இருபது வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிற எனக்கும் இப்போதெல்லாம் மனசுக்குள் வந்து போகிற கேள்வி அது.

ஆனால் உன் கடிதத்தில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வருகிற சொல்லைக் கண்டுபிடிக்கும் பைத்தான் புரோகிராம். எல்லோரும் ஆங்கிலத்தில் 'மேடம்' போட்டுப் பார்த்தார்கள், சரியாக வந்தது. நீ 'விகடகவி' போட்டாய். 'இல்லை' என்று வந்தது. எத்தனை எழுத்து என்று லென் போட்டுக் கேட்டாய். 7 என்றது. வகுப்பே சிரித்தது. தமிழெல்லாம் இதில் ஒழுங்காக வராது என்று யாரோ சொல்ல, எல்லோரும் அடுத்த புரோகிராமுக்குப் போய்விட்டார்கள்.

அந்த 7 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் சிறுமுகை வீட்டுக்கு ஒரு நடை போய் வருவோம்.

உன் அப்புச்சி நெய்த தறி உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். தறிக்கு மேலே விட்டத்தை ஒட்டி ஒரு பெட்டி இருந்ததே, அதுதான் ஜக்கார்டு. எங்கள் வீட்டிலிருந்தது 240 கொக்கிப் பெட்டி. அதன் பக்கத்தில் துளை போட்ட தடித்த அட்டைகள் மாலை கோத்த மாதிரி தொங்கும். அப்புச்சி மிதியை ஒருமுறை மிதித்தால் ஓர் அட்டை வந்து பெட்டியிலுள்ள ஊசிகளின் மேல் படியும். துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி மேலே ஏறும், கொக்கியில் கட்டிய பாவு நூலும் ஏறும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டு நூல் கீழேயே கிடக்கும். ஏறிய நூலுக்கும் ஏறாத நூலுக்கும் நடுவில் ஊடை பாயும். மறுபடி மிதித்தால் அடுத்த அட்டை. பெட்டிக்கு மயிலும் தெரியாது, மாங்காயும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் துளை உண்டா இல்லையா என்பதுதான். உங்கள் புத்தகத்தில் ஒன்று, பூஜ்யம் என்று வருகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது ஒரு தீபாவளிச் சமயம். மயில் புட்டா போட்ட பட்டுச் சேலை, பாதி நெய்தாகிவிட்டது. ஒரு மயிலின் அலகு நுனியில் ஜரிகை ஒரு புள்ளி விடுபட்டிருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். நூல் அறுந்திருக்கும் என்றேன். அப்புச்சி ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிய துணியைப் பிரித்து, நெய்து முடித்த நாலு மயிலையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். நாலு அலகிலும் அதே இடத்தில் அதே புள்ளி இல்லை. "ஒருக்கா வந்துட்டுப் போனா நூல்ல கோளாறு அம்மிணி. ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வந்தா அட்டையில கோளாறு," என்றார். மயிலின் கால் தொடங்குகிற அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினார். அறுபத்தொன்றாவது அட்டையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டினார். குத்த வேண்டிய ஒரு துளையைக் குத்தாமல் விட்டிருந்தார்கள். உளியும் சுத்தியலும் வாங்கி வரச் சொல்லி, அதே இடத்தில் தறிக்காலில் வைத்து ஒரே தட்டு. ஐந்தாவது மயில் முழு அலகோடு வந்தது.

நான் பிற்பாடு காலேஜில் படித்த எந்தப் புத்தகமும் பிழை திருத்துவதை இத்தனை தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

அந்தப் பெட்டிக்கு ஜக்கார்டு என்ற பெயர் வந்தது பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு என்பவரால். 1804-இல் அவர் அமைத்த தறி இது. அட்டைகளால் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டை ஆயிற்று. அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். கணக்குப் போடும் பெரிய இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டபோது, அதற்குக் கட்டளை கொடுக்க இதே துளை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரத்தைப் பற்றி 1843-இல் விரிவான குறிப்புகள் எழுதிய எயிடா லவ்லேஸ், பூ வேலைப்பாடு நெய்யும் ஜக்கார்டு தறியோடுதான் அதை ஒப்பிட்டார். தானாக எதையும் உண்டாக்கும் சக்தி அதற்கில்லை, நாம் கட்டளையிடத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்பதும் அவர் எழுதியதுதான். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளை அட்டையால்தான் எண்ணினார்கள். கம்ப்யூட்டர் ஏதோ வெளிநாட்டிலிருந்து சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக் கண்ணாடிக் கட்டடத்துக்கு நேராக வந்து இறங்கிய பொருள் என்று உன் வகுப்பில் யாராவது நினைத்தால், அப்புச்சி தறியைப் பற்றிச் சொல்.

இப்போது விகடகவிக்கு வருவோம். நாம் படிப்பது வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்து. கம்ப்யூட்டரிடம் எழுத்து கிடையாது, எண்தான் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் க என்றால் 2965. வ 2997. ட 2975. ஆனால் 'வி'-க்கு என்று தனி எண் இல்லை. வ-வுக்கு ஓர் எண், மேலே போடுகிற இகரக் குறிக்கு 3007 என்று இன்னோர் எண். ஆகவே உன் சொல் உள்ளே போனது இப்படி: 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007. எண்ணிப் பார், ஏழு. திருப்பிப் போட்டால் 3007 முதலில் வந்து நிற்கும். எழுத்தே இல்லாமல் குறி மட்டும் புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்க, மிச்சம் 'வகடகிவ' ஆகிவிடும். பைத்தான் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த அட்டையை எண்ணிச் சொன்னது. தமிழ் இதில் வராது என்று சொன்னதுதான் தவறு.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்பாய். 1988-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இஸ்கி என்று ஒரு முறையை வகுத்தார்கள். அந்த அடிப்படையில்தான் 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் உண்டு. அவர்கள் உருவாக்கியதுதான் டேஸ்-16. 2010 ஜூனில் நம்மூர் கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்தச் சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமாக ஏற்று ஆணை போட்டது. கண்காட்சி அரங்கில் ஜனத்தோடு ஜனமாக நானும் நின்றேன். ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ்க் கடிதம் இன்னொன்றில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் வேலைக்கு வந்தவள் நான். எனக்கு அந்த அரங்கு ஒரு கோயில் திருவிழா மாதிரி இருந்தது. இன்று நீ போனில் தமிழில் செய்தி அனுப்புவது யூனிகோடில்தான்.

தோழிக்கு ஏஐ தந்ததும் அதே ஒரு வரிதான் என்று எழுதியிருக்கிறாய். சொல்லைத் திருப்பு, இரண்டும் ஒன்றா என்று பார். மேடத்துக்குச் சரி. விகடகவிக்குத் தப்பு. அவள் விகடகவி போட்டுப் பார்க்கவே இல்லை, அதனால் தப்பு இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஏஐ-யிடம் கேட்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், நானும் கேட்கிறேன். ஆனால் அதற்குள்ளும் உன் சொல் முழுதாகப் போவதில்லை, துண்டு துண்டாக உடைந்து எண்ணாகத்தான் போகிறது. அது தந்ததில் எந்த இடத்தில் துளை விடுபட்டிருக்கிறது என்று பார்க்கிற வேலை உன்னிடம்தான் வந்து சேரும். சிறுமுகையிலேயே பார், இப்போது அட்டைக்குப் பதில் பென்டிரைவ் போடுகிற எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. அதிலும் புட்டாவில் புள்ளி விடுபட்டால், டிசைனில் எத்தனையாவது வரி என்று எண்ணத் தெரிந்தவரைத்தான் கூப்பிட்டு அனுப்புகிறார்கள்.

உன் புரோகிராமைச் சரி செய்ய வழி சொல்கிறேன், எழுதித் தர மாட்டேன். சொல்லை ஒவ்வோர் எண்ணாக எடு. அது உயிர்மெய்க் குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு. இல்லாவிட்டால் புது எழுத்தாகப் பட்டியலில் சேர். கடைசியில் சொல்லைத் திருப்பாதே, பட்டியலைத் திருப்பு. எட்டு வரிக்கு மேல் போகாது. க்ஷ ஒன்றா இரண்டா என்று ஒரு வழக்கு வரும், அதை நீ வந்தபிறகு பேசித் தீர்ப்போம். எழுதி முடித்தபின், ஓப்பன்-தமிழ் என்று ஆர்வலர்கள் சேர்ந்து செய்த பைத்தான் நூலகம் இருக்கிறது, அதில் இதே வேலையை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார். முன்னாடியே பார்க்காதே.

லேபில் மூன்று பேருக்கு ஒரு சிஸ்டம் என்று வெசனப்படாதே. எட்டு வரியையும் முதலில் நோட்டில் எழுதி, விகடகவியின் ஏழு எண்ணையும் கையால் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார். கம்ப்யூட்டரிடம் போவதற்குள் பாதித் தப்பு பிடிபட்டுவிடும்.

இந்தக் கடிதத்தோடு அப்புச்சி பரணில் வைத்திருந்த அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். மடங்காமல் வந்து சேரவேண்டும்.

ஐந்து எழுத்து என்று பதில் வந்து, விகடகவிக்கு 'ஆம்' என்றும் வந்ததும், 'தேரு வருதே' என்று போட்டுப் பார். மறுபடியும் 'இல்லை' என்றுதான் சொல்லும். இந்தத் தடவை கோளாறு உயிர்மெய்க் குறியில் இல்லை. எத்தனையாவது அட்டை என்று நீயே எண்ணிக் கண்டுபிடித்து எழுது.

அன்புடன்,
சித்தி