வாங்கும் வீட்டைத் தட்டிப் பாருங்கள்

கடலூர், சிதம்பரம் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்று பார்த்ததோடு நின்றுவிடுகிறார்கள். கட்டடத்தையும் ஒரு சிவில் இன்ஜினீயரிடம் காட்டுங்கள். மழைக்காலத்தில் போய்ப் பார்ப்பது உத்தமம். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று கம்பியை அரிக்கும். தளத்தின் அடிப்பக்கத்தைக் கம்பு நுனியால் தட்டுங்கள். 'டொப்'பென்று சத்தம் வந்து, துருக்கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். விற்பவர்கள் ஒழுகலை முன்பே சரிசெய்துவிட்டால் விலையை அடித்துக் கேட்க இடமிருக்காது. சொந்த வீட்டுக்காரர்கள் ஐப்பசி பிறக்குமுன் மொட்டைமாடி வடிகுழாயையும் எர்த் இணைப்பையும் சோதித்துவிடுங்கள்.