கறுப்புத் தோலுக்கு எந்த மீட்டர்?

ஆம்பூர் டேனரி ஒன்றுக்குள் ஃபிலிம் கேமராவோடு நுழைந்து பாருங்கள். ஈரத்தில் கறுத்துப்போன பெரிய மர ட்ரம், பக்கத்தில் குவிந்து கிடக்கும் வெளிர்நீல வெட் ப்ளூ தோல், பின்னால் திறந்த கதவு, அதற்கப்பால் கண் கூசும் வெயில். மீட்டருக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. எதைக் காட்டினாலும் 18 சதவீத சாம்பல் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குச் சொல்லும். கறுப்பு ஷூ தோலை அளந்து அப்படியே எடுத்தால் சாம்பல் தோல். சுண்ணாம்பில் ஊறி வெளுத்த தோலை அளந்தாலும் அதே சாம்பல்தான்.

ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஸோன் சிஸ்டம் இதற்கான மருந்து. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, மீட்டரின் சாம்பல் 5. ஒரு ஸோனுக்கு ஒரு ஸ்டாப். இழை தெரிய வேண்டிய நிழலை அளந்து, மீட்டர் சொன்னதிலிருந்து 2 ஸ்டாப் குறைத்தால் அது ஸோன் 3இல் உட்காரும். வெள்ளையர் முகத்தை ஆடம்ஸ் 6இல் வைத்தார். நம் மாநிற முகங்களுக்கு 5, கருத்த முகத்துக்கு 4 என்று வைத்தால்தான் நிறம் நிறமாக நிற்கும்.

சரி, எதைக்கொண்டு அளப்பது?

கையில் நிக்கான் எஃப்எம்2 போன்ற கேமரா இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். அதன் மீட்டர் நடுவட்டத்துக்கு 60 சதவீத எடை தரும். மிச்சம் சுற்றிலும் இருந்து வரும். ஆகவே கிட்டே போக வேண்டும். 50 எம்எம் லென்ஸோடு அரை மீட்டர் தூரத்தில் நின்றால், சுமார் 36க்கு 24 சென்டிமீட்டர் இடமே ஃபிரேமை நிறைக்கும். ஃபோகஸ் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் நிழல் மட்டும் அதில் விழக் கூடாது.

கிட்டே போக முடியாத இடத்துக்குத்தான் ஸ்பாட் மீட்டர். சுழலும் ட்ரம்மை யாரும் நெருங்கக் கூடாது. பென்டாக்ஸ் டிஜிட்டல் ஸ்பாட்மீட்டர் பார்ப்பது 1 டிகிரி, அதாவது 10 மீட்டருக்கு அப்பால் ஒரு சாண் அகலம்கூட இல்லை. வேலூர்க் கோட்டை அகழிக்கு இக்கரையில் நின்று எதிர்ச்சுவரின் நிழலைத் தனியாக அளக்கவும் இதுவே சரி.

வெள்ளைக் குமிழ் வைத்த இன்சிடென்ட் மீட்டர் பொருளை அளப்பதில்லை, அதன்மேல் விழும் வெளிச்சத்தையே அளக்கிறது. தோல் சாம்பிளையும் ஷூவையும் மேஜையில் வைத்து எடுப்பவருக்கு இதைவிட நல்லது கிடையாது. கறுப்பு கறுப்பாகவே வரும். ஆனால் நிழல் எந்த ஸோனில் விழுகிறது என்று சொல்லாது. செகோனிக் எல்-398 போன்ற செலினியம் மீட்டருக்கு பேட்டரி வேண்டாம், மங்கிய ஷெட்டுக்குள்ளோ முள் சரியாக நகராது. ஃபோன் ஆப் இலவசம். ஒரே சுவரைக் கேமராவிலும் அதிலும் அளந்து ஒத்துப்போனால், தற்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு பாருங்கள். ஃபிலிம் எச்பி5, ஐஎஸ்ஓ 400. ட்ரம்மின் மரம் 1/30, எஃப் 2.8 காட்டுகிறது. அதை ஸோன் 3இல் வைக்க எஃப் 5.6. வெட் ப்ளூ குவியல் எஃப் 8 காட்டினால் அது தானாகவே 6இல் விழும். ஈரத் தோலின் மினுமினுப்பு அப்படியே நிற்கும். வாசல் வெயில் 1/500, எஃப் 16 என்கிறது: ஸோன் 12. டெவலப்பிங் நேரத்தைச் சுமார் 20 சதவீதம் குறைத்தால் ஒரு ஸோன் இறங்கும், 12 அப்போதும் வெறும் வெள்ளைதான். என் தீர்ப்பு, கதவை ஃபிரேமிலிருந்து விலக்குங்கள். 36 ஃபிரேமுக்கும் ஒரே டெவலப்பிங்தான் என்பதால், ஷெட்டுக்கு ஒரு ரோல், வெயிலுக்கு வேறு ரோல் என்று பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது.

புதிதாகத் தொடங்குபவர் கேமரா மீட்டரோடு பத்து ரோல் எடுத்துவிட்டு ஸ்பாட் மீட்டர் வாங்கட்டும். பழைய கேமராவோ மீட்டரோ வாங்கினால் முதலில் பேட்டரியை விசாரியுங்கள். சிலவற்றுக்கு 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி வேண்டும். அது இப்போது விற்பனையில் இல்லை.