கண்புரையும் கருவிழியின் வளைவும்

கண்புரையை நீக்கியபின் விழிக்குள் வைக்கப்படும் லென்ஸ் எல்லோருக்கும் ஒரே வலிமையினதன்று. தாமல் போன்ற ஊர்களின் தறிக்காரரும் பயிரிடுவோரும் இதன் காரணத்தை அறிதல் நலம். 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதன்முதல் லென்ஸ் பொருத்தியபொழுது, நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை நேர்ந்தது. லென்சின் வலிமை மிஞ்சிவிட்டது.

மதுரை ஆரோலாப் 1992 முதல் இவ்வகை லென்சுகளைத் தயாரித்து வருவதால் விலை எளியோர்க்கும் எட்டியது. அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு. முக்கியமாக அளக்கப்படுவன விழியின் நீளமும் கருவிழி முன்படலத்தின் வளைவும். பழைய எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். லென்சுக்குரிய எண் 118.4 என்க. விழி நீளம் 23.5 மில்லிமீட்டர், 2.5 ஆல் பெருக்க 58.75. வளைவின் வலிமை 44 டயாப்டர், 0.9 ஆல் பெருக்க 39.6. இரண்டையும் கழிக்க, ஏறத்தாழ 20 டயாப்டர் லென்ஸ் வேண்டும். படலம் தட்டையாகி வலிமை 40 ஆயின், வேண்டுவது 23.65 ஆகும். இக்காலக் கணக்குகள் இதனினும் நுட்பமானவை, அடிப்படை இதுவே.

நெல் உமி பட்டுப் புண்ணாகி ஆறிய படலம் மேடுபள்ளமாயிருக்கும். அங்கே கருவியின் அளவு ஏமாற்றும். முன்பு லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் கணக்குப் பிசகும். இவற்றை மருத்துவரிடம் மறைத்தலாகாது.

அளவு சரியானாலும் ஒரு முடிவு மிஞ்சுகிறது. வழக்கமாகத் தூரப்பார்வைக்கே லென்ஸ் தெரிவு செய்வர். இழையைக் காணக் கண்ணாடி வேண்டியிருக்கும். தறியில் இழை அரை மீட்டர் தொலைவிலெனில், 2 டயாப்டர் கிட்டப்பார்வை நிற்குமாறு லென்ஸ் வைத்தால், கண்ணாடியின்றியே நெய்யலாம். பஸ்ஸின் பெயர்ப்பலகைக்குக் கண்ணாடி அணியலாம். எது வேண்டுமென்பதை அளவெடுக்கும் நாளிலேயே கூறிவிட வேண்டும். பிறகு லென்சை மாற்றுவதற்கு மறுபடியும் கண்ணைத் திறக்க நேரும்.